பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசித்தவன்

டப்ளினிலிருந்து ஒருவன் காரோட்டி வந்து, பிடில் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னால், அவனுக்கு வேண்டியது பிடில் அல்ல. நோனி மினோக்குக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆற்றோரத்து நான்கு ஏக்கர் மேய்ச்சலா, இடிந்த தொழுவத்துக் கல்லா, சுவரில் தொங்கும் வாத்தியமா, எதன்மேல் இவனுக்குக் கண் என்று தெரிகிறவரை வாயைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் கதவைத் திறந்தாள்.

ஆனால் வாசலுக்கு வந்தவனைத் தேநீர் கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கிழக்கு கிளேர் வட்டாரத்தில் இன்னும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. கெண்டியை அடுப்பில் ஏற்றினாள். ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவி வைத்தாள். அலமாரியில் இருந்த திராட்சை கேக்கை எடுக்கவில்லை. அது நம்பிக்கையானவர்களுக்கு.

வந்தவன் பெயர் கோர்மக். நாற்பது வயது, தாடி, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு. பழைய வாசிப்புகளைத் தேடிச் சேர்த்து வைக்கிற ஓர் அலுவலகத்தில் வேலையாம். சம்பளமும் உண்டாம். நோனிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"மிஸஸ் மினோக், உங்க வீட்டுக்காரர் பிடில் வாசிப்பார் இல்லையா?" என்றான்.

"இதக் கேக்கவா இவ்வளவு பெட்ரோல் போட்டு வந்தீங்க? ரோட்ல நிக்கிற கழுதையக் கேட்டாலே சொல்லியிருக்குமே."

ஃப்ளான் மினோக் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் நடனக் குழுவில் வாசித்தவன். கையால் வாசித்தானா காலால் வாசித்தானா என்று ஊரில் ஒரு தீராத வழக்கு உண்டு. இடது காலால் அவன் தாளம் போட்டால் மேஜைமேல் கோப்பைகள் இடம் மாறும். மதுக்கடைக்காரர் தன் தரைக்கல் இரண்டு பிளந்த பிறகு, ஃப்ளான் வந்தாலே நாற்காலிக்குக் கீழே ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்.

கால் மட்டுமா, வாயும் பெரிய வாய். ஏரியில் தான் பிடித்த மீனை வருஷத்துக்கு ஒரு சாண் நீளமாக்குவான். மீன் தீர்ந்தால் பெண்டாட்டி. "எங்க வீட்டம்மா குறட்டை அமெரிக்கா வரைக்கும் பேர் போனது" என்பான், நாலு பேர் நடுவில். நோனி பாத்திரம் துடைக்கிற துணியாலேயே அவன் வாயில் ஒன்று போடுவாள். அவள் குறட்டை விடுகிறவள் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தூங்கும்போது ஒருநாள்கூட அது அவள் காதில் விழுந்ததில்லை.

கோர்மக் பையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான். "பாஸ்டன்ல ஆம்ப்ரோஸ் பிராட்ரிக்னு ஒருத்தர், போன வருஷம் தவறிட்டார். இந்த ஊர்க்காரர்தான். அவர் பெட்டியில மூணு பழைய டேப் இருந்துச்சுன்னு அவர் பையன் எங்களுக்கு அனுப்பினான். அதத்தான் கேசட்டுல ஏத்திக் கொண்டுவந்திருக்கேன். ஆம்ப்ரோஸோட தங்கச்சி இங்கேருந்து அனுப்பியிருக்காங்க. கிட்டுன்னு பேரு. தெரியுமா?"

வெண்ணெய்க் கத்தி நோனியின் கையில் அப்படியே நின்றது. "தெரியாம என்ன," என்றாள்.

"டேப் உறையில அவங்க கையால எழுதியிருக்கு. 'ஃப்ளான் மினோக். 1958, மார்ச். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.'" கோர்மக் சிரித்தான். அவனுக்கு அது ஒரு வேடிக்கை.

முப்பத்துமூன்று வருஷமாக மூடி வைத்திருந்த பானையை எவனோ ஊர் பெயர் தெரியாதவன் வந்து திறந்துவிட்டான்.

மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தவள் கிட் பிராட்ரிக். கல்யாணம் ஆகாதவள், சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிகிறவள். 1957 நவம்பரில் நோனியின் அப்பா செத்தார். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் பாட்டுக் கூடாது. அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடினாள், பிடிலைப் பரணில் ஏற்றினாள். ஃப்ளான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டோட மாப்பிள்ளை என்ன பேச முடியும்? நிலம் அவர்களுடையது, கூரை அவர்களுடையது. அவன் கொண்டுவந்த சீர் ஒரு பிடில் பெட்டி, அதையும் பரணில் போட்டாயிற்று.

அடுத்த மார்ச்சில் நோனிக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ஆறு வாரம் மாடியறையில் படுக்கை. மத்தியானம் மருந்து குடித்துத் தூங்கிப்போவாள். கண் விழிக்கும்போதெல்லாம் கட்டிலோரத்து நாற்காலி காலியாக இருக்கும். "ஃப்ளான் எங்கம்மா?" என்று கேட்டால் அம்மா, "மாடு பாக்கப் போயிருக்கான்" என்பாள். மாட்டை அவ்வளவு நேரம் எவன் பார்ப்பான்? பக்கத்து வீட்டு மோஸி நாஷ் நலம் விசாரிக்க வந்தவன், கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான்: "உங்க வீட்டுக்காரர அடிக்கடி கிட் வீட்டுப் பாதையில பாக்குறேன். சைக்கிள்ல ஏதோ மூட்டை வேற."

கேட்டாள். விதை உருளைக்கிழங்கு என்றான் ஃப்ளான். அந்த வருஷம் தோட்டத்தில் முளைத்தது எல்லாம் பழைய ரகம். ஒரு கிழங்குகூடப் புதிதில்லை. அதற்குமேல் நோனி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவனோடு முப்பது வருஷம் வாழ்ந்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள், ஒரு பெண்ணைப் பெற்றாள். கிட் பெயர் வரும்போது மட்டும் அடுப்பைக் கிளறப் போய்விடுவாள். ஃப்ளான் செத்த பிறகு பிடில் பெட்டியைத் துடைத்தபோது, வில்லுக்கு அடியில் துணி மாட்டுகிற மரக் கிளிப்பு ஒன்று கிடந்தது. பெட்டியில் காதல் கடிதம் இருந்தால் கிழித்துப் போடலாம். கிளிப்பை என்ன செய்வது? எந்தக் கொடியிலிருந்து வந்ததோ, யார் துணியைத் தாங்கியதோ என்று பத்து நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

"எங்களுக்கே ஒரு சந்தேகம்," என்று கோர்மக் சொல்லிக்கொண்டிருந்தான். "அவர் குழுவோட வாசிச்ச பழைய தட்டு எங்ககிட்ட இருக்கு. அது இடி. இது வேற. அதனாலதான் வந்தேன். நீங்க கேட்டுட்டு, இது அவர்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டா அவர் பேர்லயே வெளியிடுவோம். இல்லன்னா 'வாசித்தவர் தெரியவில்லை'ன்னு போட்டுடுவோம். ஆனா மிஸஸ் மினோக், இருபது வருஷமா கேட்டுட்டு வர்றேன், இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்ல."

பொத்தானை அழுத்தினான்.

முதலில் ஒரு ரீங்காரம். பிறகு பிடில். கூப்பிடாமலே பக்கத்தில் வந்து உட்காருகிற பூனை மாதிரி அது வந்தது. ஊரில் எல்லோரும் ஆடித் தீர்த்த ஒரு பழைய நடனப் பாட்டுத்தான். ஆனால் இதற்கு யாரும் ஆட முடியாது. சுழிப்பு இல்லை, வேகம் இல்லை, பார் என் கையை என்கிற பகட்டு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில்கூடச் சில சுரங்களை விட்டுவிட்டுப் போகிறது.

இரண்டாவது மூச்சிலேயே நோனிக்குத் தெரிந்துவிட்டது. பாட்டுக்குள் அரை அடி தாமதமாக நுழைவது அவன் பழக்கம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு நுழைவது போலவே. அவன்தான்.

"எவ்வளவு மெதுவா வாசிக்கிறார் பாருங்க," என்றான் கோர்மக், குரலைத் தாழ்த்தி. "வில்லு தந்தியைத் தொட்டும் தொடாம. பக்கத்து அறைக்குக்கூடக் கேக்கக் கூடாதுங்கிற மாதிரி."

ஏன் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்று நோனி நினைத்துக்கொண்டாள். நெருப்பில்லாமல் புகையாது.

"தந்தியைத் தாங்குற குதிரைமேல ஏதோ மாட்டியிருக்கார், சத்தத்தை அமுக்க. துணிக் கிளிப்பா இருக்கலாம். பழைய ஆளுங்க செய்வாங்க."

கிளிப்பு. நோனி கோப்பையைக் கீழே வைத்தாள். அப்படியானால் அது கிட் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்தது.

"அதைவிட ஆச்சரியம், கால் எங்க?" கோர்மக் விரலை உயர்த்தினான். "தரைக்கல்லை உடைச்ச மனுஷன். இதுல தாளமே கேக்கல. நல்லாக் காது குடுத்தாத்தான், ரொம்ப அடியில, ஒரு மெத்து மெத்து. பூட்ஸைக் கழட்டிட்டு, வெறும் காலுறையோட தாளம் போடுறார். என்ன ஒரு அடக்கம்!"

அடக்கமாம். கிளேரில் ஓர் ஆம்பளை பூட்ஸைக் கழற்றுவது இரண்டே இடத்தில்தான். ஒன்று தன் படுக்கையறை. இன்னொன்று எவளுடைய படுக்கையறையோ. பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்காருகிறவன் சேறோடுதான் உட்காருவான், வீட்டுக்காரிதான் பின்னால் துடைத்துக்கொள்வாள். தாடிக்காரன் பாராட்டு என்று நினைத்து ஒவ்வொரு சாட்சியாக மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நோனி கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"இப்ப வருது பாருங்க, இதுதான் உயிர்." அவன் கண்ணை மூடினான். பிடில் ஏறிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய சுரத்துக்கு முன்னால் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நோனியே தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தாள். பிறகு அந்தச் சுரம் வந்து அமர்ந்தது. "மூணு டேப்லயும் இப்படி அஞ்சாறு இடம். ஒவ்வொண்ணும் வேற வேற நீளம். இந்தக் காத்திருப்பை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது, மிஸஸ் மினோக்."

"பின்னால என்ன சத்தம்?" என்றாள் நோனி.

கோர்மக் கொஞ்சம் சங்கடப்பட்டான். "ஆமா. அது யாரோ... பக்கத்துல யாரோ தூங்குறாங்கன்னு நினைக்கிறேன். மூச்சுச் சத்தம். பொம்பளை மாதிரித் தெரியுது."

அவ்வளவுதான். கையும் களவுமாக. நான் மலைக்கு இந்தப் பக்கம் நெஞ்சில் நீரோடு சாகக் கிடந்தேன். இவன் அந்தப் பக்கம், பூட்ஸைக் கழற்றிப்போட்டு, கிட் தூங்க அவளுக்குத் தாலாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். என் வீட்டில் துக்கம் என்று பரணில் கிடந்த பிடில் அங்கே பாடியிருக்கிறது. எனக்கு ஒருநாள்கூட இப்படி வாசித்ததில்லை. எனக்குக் கிடைத்தது இடி, கிட்டுக்கு இது. கோபத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. டப்ளின்காரன் முன்னால் அழக் கூடாது என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"இது அவர் இல்ல," என்றாள்.

கோர்மக்கின் முகம் தொங்கிவிட்டது. "நிச்சயமாவா? உறையில பேர் இருக்கே."

"கிட் ஆயிரம் எழுதுவா. முப்பது வருஷம் கூட இருந்தவ நான் சொல்றேன். என் புருஷன் இல்ல. தெரியாத ஆளுன்னே போட்டுக்குங்க."

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாதா? சரி, விடவில்லை. உன் நல்ல வாசிப்பு பெயரில்லாமல் போகட்டும். ஊர் உன்னைக் காலால் வாசித்தவன் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

கோர்மக் பேனாவைத் திறந்தான். பிடில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்கதவு திறந்து கொரெட்டி உள்ளே வந்தாள். நோனியின் ஒரே மகள், நர்ஸ். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு அம்மாவைக் கூட்டிப்போக வந்தவள், மழைக்கோட்டை உதறிக்கொண்டே, "கிளம்பலியா நீ? இன்னும் கோட்டுகூட மாட்டல..." என்று ஆரம்பித்து நின்றாள். மேஜைமேல் இருந்த கருவியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"எந்த மகராசன்மா நீ தூங்குறதப் பிடிச்சு வெச்சது?"

"என்னடி உளர்ற?"

"உளர்றேனா? பதினெட்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தவ நான். இழுத்து, இழுத்து, கடைசியில கெண்டி கொதிச்ச மாதிரி ஒரு விசில். இந்தா, வருது பாரு." விசில் வந்தது. "அப்பா எப்பவும் சொல்வாரே, அமெரிக்கா வரைக்கும்னு."

"நான் குறட்டை விடமாட்டேன்," என்றாள் நோனி. முப்பத்துமூன்று வருஷப் பழக்கம், அதுவாக வாயில் வந்தது.

கொரெட்டி சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள். கருவியின் பக்கத்தில் குனிந்தாள். "ஆனா இது வெறும் குறட்டை இல்லம்மா. மூச்சு பாதியில முட்டுது. இது நீர் கோத்த நெஞ்சு. வார்டுல கேட்டிருக்கேன். உனக்கு உடம்பு முடியாம இருந்தியே, அந்த வருஷமா?"

நோனியின் தலைக்குள் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. இந்தக் கருவியெல்லாம் மின்சாரத்தில் ஓடுவது. அவர்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1957இல். மலைக்கு அந்தப் பக்கம் வந்தது நான்கு வருஷம் கழித்து. ஆம்ப்ரோஸ் பாஸ்டனிலிருந்து தங்கைக்கு ஏதோ பெரிய யந்திரம் அனுப்பினான், செருகத் துளை இல்லாத வீட்டுக்கு அனுப்பினான் என்று ஊரே சிரித்ததே. மோஸி சைக்கிளில் பார்த்த மூட்டை அந்த யந்திரம்தான், கிட்டிடம் இரவல் வாங்கி இங்கே கொண்டுவந்திருக்கிறான். கிட் வீட்டில் அது ஓடியிருக்கவே முடியாது.

அந்த ஆறு வாரமும் மாடியறை ஜன்னல் கட்டையில் பல்பு தனியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. வெறும் துளையிலிருந்து மின்சாரம் ஒழுகிவிடும் என்று அம்மா கந்தலை அடைத்து அடைத்து வைத்தாளே, யாரோ பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்களே. பல்பு மாட்டுகிற அந்தத் துளையில்தான் யந்திரத்தைச் செருகியிருக்கிறான். கொடியிலிருந்து ஒரு கிளிப்பு காணாமல் போனதற்கு, கிளிப்பு விற்க வந்த நாடோடிப் பெண்ணை அம்மா வாசலில் நின்று திட்டித் தீர்த்தாளே. காலியாக இருந்ததாம் நாற்காலி. கட்டிலோரத்தில் அதைக் கொண்டுவந்து போட்டது யார் என்று ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தபோது நோனிக்கு முகம் சூடாகிவிட்டது. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவள் முதலில் செய்த காரியம், சர்ச்சுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். "சாமி, துக்க வருஷத்துல தூக்கத்துல நடனப் பாட்டுக் கேட்டேன்" என்று சொல்லி, மூன்று அருள்நிறைந்த மரியே செபம் தண்டனையாக வாங்கி வந்தாள். வீட்டில் அதைச் சொன்னபோது ஃப்ளான் தொழுவத்துக்கு ஓடிப்போய்ச் சிரித்தான். புனிதமானதைப் பார்த்துச் சிரிக்கிறானே என்று ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பாவி, சொல்லியிருக்கலாமே. எப்படிச் சொல்வான்? மாமியார் காதில் விழுந்தால் பிடில் அடுப்புக்குப் போயிருக்கும்.

"அந்த இடத்தை மறுபடி போடுங்க," என்றாள் நோனி. "அவர் நிக்கிற இடம்."

கோர்மக் நாடாவைப் பின்னால் ஓட்டினான். பிடில் ஏறியது. நோனி பிடிலைக் கேட்கவில்லை, மூச்சைக் கேட்டாள். இழுப்பு, விசில். இழுப்பு, விசில். இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. மூச்சு நின்றது. அந்தக் கணமே பிடிலும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கோ நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மூச்சு தடுமாறித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சுரம் வந்தது.

மூச்சு சீராக வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அந்த நாளைய டாக்டர். மத்தியானம் மத்தியானமாக ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சும்மா உட்காரத் தெரியாதவன், கையில் இதை வைத்துக்கொண்டு.

கோர்மக் கருவியை நிறுத்தினான். மூன்று டேப்பையும் நூறு தடவை கேட்டவன், இப்போதுதான் கேட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நோனி அழுதாள். டப்ளின்காரன் இருக்கிறானே என்று பார்க்கவில்லை, துணியால்கூட முகத்தை மூடவில்லை. கொரெட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்தான்," என்றாள் நோனி கடைசியில். "முன்னாடி சொன்னது பொய். பேனாவக் குடுங்க."

கையெழுத்துப் போட்டாள். கோர்மக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்: "உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னா, இப்பல்லாம் அதுக்கு மிஷின் வந்திருக்கு. அந்த மூச்சுச் சத்தத்தை மட்டும் உருவி எடுத்துடலாம். பிடில் மட்டும் சுத்தமா நிக்கும்."

"உருவிட்டா, அவர் எதுக்காக நிக்கிறார்னு எவனுக்குத் தெரியும்?"

"அம்மா, யோசிச்சுக்கோ," என்றாள் கொரெட்டி. "ஊரே கேக்கும். மோஸி நாஷ் கடைக்குக் கடை போட்டுக் காட்டுவான்."

"காட்டட்டும். மோஸிக்குத்தான் முதல் தட்டு அனுப்பணும். ஒரு மூச்சுல கை வெச்சீங்க, டப்ளினுக்கே வந்துடுவேன்."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து திராட்சை கேக்கை எடுத்தாள். பெரிய துண்டாக ஒன்று அறுத்து அவன் தட்டில் வைத்தாள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று கொரெட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். நோனி அவசரப்படவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் தொங்கிய பிடிலுக்கு நேராகப் போய் நின்றாள்.

"சரிய்யா," என்றாள். "ஒத்துக்கிறேன். குறட்டை விடுறேன்தான்."